அப்பாவுக்கு மட்டும் திரும்பிய கார்

ஆபீஸ் வேலையை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது என்பார்கள். நான் கொண்டுவந்தேன். அது போய் மல்லிகைப்பூ மூட்டையில் முட்டி நின்றது.

சென்னையில் ஒரு கார் கம்பெனியில் எனக்கு வேலை. மோட்டார் உதவியோடு திரும்பும் ஸ்டீரிங், ஓட்டுகிறவர் கைக்கு எவ்வளவு கனமாகத் தெரிய வேண்டும் என்று லேப்டாப்பில் முடிவு செய்ய வேண்டும். (“இதுக்கா சம்பளம் தாராங்க?” என்று அப்பா இன்றும் கேட்கிறார்.)

எங்கள் கம்பெனிக் காரையே அப்பா வாங்கினார். முப்பது வருஷம் டிராக்டர் ஓட்டிய கை. “என்னட்டி இது, ஸ்டீரிங்ல உசுரே இல்ல! ஒத்த வெரல்ல திரும்புது” என்று முகம் சுளித்தார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. யாரிடமும் கேட்காமல் லேப்டாப்பைச் சொருகி, மோட்டாரின் உதவியைக் கிட்டத்தட்டப் பிடுங்கியே விட்டேன். ஓட்டிப் பார்த்தவர், “இப்பதாம்ட்டி வண்டி!” என்றார். அன்று என் கால் தரையில் பாவவில்லை.

மறுநாள் எங்கள் ஊரான சங்கரன்கோவிலில், கோயில் வாசலில் காருக்குப் பூஜை. என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போன செல்வமும் அவர் அம்மாவும் வந்திருந்தார்கள். எனக்கு அவரை ரொம்பப் பிடித்திருந்தது. அப்பாதான் ‘யோசிச்சுச் சொல்லுதேன்’ என்று இழுத்தடித்துக்கொண்டிருந்தார். செல்வத்திடம் சாவியை நீட்டி, “எடுங்க தம்பி, பாப்போம்” என்றார். இது பரீட்சை என்று எனக்குப் புரிந்தது. ஸ்டீரிங்கைப் பற்றி மட்டும் ஞாபகமே வரவில்லை (இன்ஜினியர்!).

நானும் செல்வத்தின் அம்மாவும் பின் சீட்டில். எலுமிச்சம்பழம் நான்கும் அழகாக நசுங்கின. தெருமுனையில் செல்வம் இடது பக்கம் திருப்பினார். கார் நேராகப் போனது. இரண்டு கையாலும் இழுத்தார். தேராக இருந்தால் கட்டை போட்டாவது திருப்பியிருக்கலாம். “எடப்பக்கமா ஒடிங்க வே! ஒடிங்க!” என்று பூக்கடை அண்ணாச்சி அலறினார். செல்வத்துக்குப் பிரேக் ஞாபகம் வருவதற்குள் மூட்டை வந்துவிட்டது.

முன் சீட்டிலிருந்த அப்பா, அவர் கைகளை ஏற இறங்கப் பார்த்தார். “கையில பெலமே இல்லியே. இவருக்கு எப்படி எம்பிள்ளயக் குடுக்கது?”

வாயை மூடிக்கொண்டால் மானம் தப்பும், மாப்பிள்ளை போய்விடுவார். “அவுக மேல தப்பில்லப்பா. ஒங்க கைக்குன்னு நாந்தான் ஸ்டீரிங்க இறுக்கி வச்சேன். சொல்ல மறந்துட்டேன்.”

செல்வத்தின் அம்மாதான் முதலில் சிரித்தார். “இன்னும் தாலியே ஏறல. அதுக்குள்ள எம்பிள்ளய இந்தப் பாடு படுத்திட்டியே, மக்கா!” அப்பாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நசுங்கிய மல்லிகை நடுவிலேயே சம்மதம் சொன்னார்.

கல்யாணமாகி ஆறு வருஷம். ஸ்டீரிங்கை அன்றைக்கே பழையபடி மாற்றிவிட்டேன். ஆனாலும் நான் கார் சாவியை எடுத்தால் அத்தை கேலி செய்யாமல் விடுவதில்லை:

“ஏட்டி, இன்னைக்கு வண்டி யாரு சொன்னாத் திரும்பும்?”