மல்லாவிக் காணியில டிப்பர் ஓடினது

சனிக்கிழமை எனக்கு ஒரேயொரு வேலைதான் இருந்தது. மல்லாவிக்குப் போய் மாமாவின்ர காணியை வீடியோ எடுத்துக் கனடாவுக்கு அனுப்பவேணும்.

சின்னப் பிள்ளையும் செய்யிற வேலை. ஆனா செய்தது நான்.

மாமா எண்டால் அம்மாவின்ர தமையன், சிவநேசன். கனகாலமா ரொறன்ரோவில இருக்கிறார். மல்லாவியில அவருக்கு நாலு ஏக்கர் காணி. அதை ராசு அண்ணையும் அவற்ர மனிசி செல்வி அக்காவும்தான் பார்க்கினம். மலையகத்திலயிருந்து வந்து வன்னியில குடியேறின சனம். காணிக் கரையில ஒரு வீடு கட்டி, பிள்ளையளையும் அங்கையே வளர்த்தெடுத்தவை. ஆனா வீடு நிக்கிற நிலம் அவையின்ரை இல்லை.

போன கிழமை மாமா ஃபோன் எடுத்தார்.

"பிள்ளை தர்சி, காணியை வடிவா வீடியோ எடுத்து அனுப்பு. ராசு ஒழுங்கா வைச்சிருந்தால் வீடு நிக்கிற அரை ஏக்கரை அவன்ர பேரில எழுதிவிடுறன். இல்லாட்டி முழுசையும் வித்துப்போட்டு நிம்மதியா இருக்கிறன்."

அப்ப பாருங்கோ, ஒரு குடும்பத்தின்ர வீடே என்ர ஃபோனுக்குள்ள!

தண்ணீரூற்றிலயிருந்து ஸ்கூட்டியில வெளிக்கிட்டன். மல்லாவிக்குப் போய்ச் சேர முதுகு முறிஞ்சுபோச்சுது.

அங்கை போனால் கலியாண வீடு மாதிரி. ராசு அண்ணை வெள்ளை சேட்டுப் போட்டு, அடையாள அட்டைக்குப் படம் எடுக்கிற மாதிரி விறைச்சுக்கொண்டு நிக்கிறார். செல்வி அக்கா மாட்டைக் குளிப்பாட்டி, நெத்தியில பொட்டும் வைச்சு விட்டிருக்கிறா. தென்னம்பிள்ளையள் வரிசையா நிக்குது. வாழை, கச்சான் கடலை, மரவள்ளி எல்லாம் அப்படியொரு பச்சை.

"தங்கச்சி, நல்லா வந்திருக்குங்களா? ஐயா பாத்தா சந்தோசப்படுவாருங்களா?" எண்டு ராசு அண்ணை கேட்டுக்கொண்டே பின்னால வாறார்.

"துள்ளிக் குதிப்பார் அண்ணை, யோசியாதேங்கோ" எண்டனான்.

துள்ளினவர்தான்.

இப்ப என்ர விசரைப் பற்றியும் சொல்லவேணும். பகலில நான் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில வேலை செய்யிறன். பின்னேரங்களில செவ்வாய்க் கிரகத்தில நிப்பன்.

அங்கை ஊர்ந்து திரியிற வண்டி இருக்கெல்லே, அது எடுத்து அனுப்புற படங்களை ஆரும் சும்மா இறக்கிப் பார்க்கலாம். ஆனா எல்லாம் அசையாத படம். வண்டி கொஞ்சம் போகும், நிக்கும், ஒண்டை எடுக்கும், திரும்பக் கொஞ்சம் போகும். நாங்கள் அதுகளை வரிசையா அடுக்கி, இடைவெளியைக் கம்பியூட்டரால நிரப்பி, ஏதோ நாங்களே அந்த வண்டியில ஏறிப் போற மாதிரிப் படமாக்குவம். உலகம் முழுக்க இந்த விசர் பிடிச்ச ஆக்கள் ஒரு குழுவா இருக்கிறம். பின்லாந்தில ஒருத்தர், சிலியில ஒரு ரீச்சர், தண்ணீரூற்றில நான்.

என்ர திறமை நிறம் குடுக்கிறது. அந்தச் செம்மங்கலை எடுத்துப்போட்டு, எங்கட ஊர் வெயிலில நிண்டு பார்த்தால் எப்பிடித் தெரியுமோ அப்பிடி மாத்திவிடுவன். சத்தமும் போடுவன். இந்தமுறை காத்துச் சத்தத்துக்கு வீட்டுக்குப் பின்னால வயல் வரம்பில ஃபோனைப் பிடிச்சுப் பதிஞ்சனான். நடுவில ஒரு மயில் கத்திப்போட்டுது. வெட்ட அலுப்பில விட்டிட்டன். செவ்வாய்க் கிரகத்தில ஒரு மயில் கத்தினால் என்ன குடியே முழுகிப்போகும்?

முழுகினதுதான்!

அண்டு பின்னேரம் ஒரு கையில புட்டு, மற்றக் கையில ஃபோன். காணியை மாமாவுக்கு அனுப்பினன். புதுசா முடிச்ச செவ்வாய்ப் படத்தைக் குழுவுக்கு அனுப்பினன். ரெண்டு வேலையும் முடிஞ்ச சந்தோசத்தில இன்னொரு அகப்பை புட்டும் போட்டுச் சாப்பிட்டன்.

ஞாயிறு விடிய ஃபோன் அடிச்சுது.

"பிள்ளை! என்ர காணியை என்ன செய்து வைச்சிருக்கிறாங்கள்!"

"ஏன் மாமா? வடிவாத்தானே இருக்கு."

"வடிவோ? ஒரு புல்லுப் பூண்டு இல்லை! ஒரு தென்னை இல்லை! முழுக்கக் கல்லு! மேல்மண்ணை வழிச்சு அள்ளிப்போட்டாங்கள். டிப்பர் லொறி ரயர் போன தடம்கூட அப்பிடியே கிடக்கு!"

"டிப்பரோ?"

"ஓம், டிப்பர்தான்! ரோட்டுக்குப் போடுற கிரவல் மண் அள்ளி வித்திருக்கிறான் உன்ர ராசு அண்ணை!"

அவசரமா ஃபோனைத் திறந்து பார்க்கிறன். மாமாவுக்குப் போனது செவ்வாய்க் கிரகம். அப்ப குழுவுக்கு?

குழுவுக்கு ராசு அண்ணை போயிருக்கிறார். மாட்டோட.

சிலி ரீச்சர் கை தட்டுற படம் போட்டிருந்தா. பின்லாந்துக்காரர் வலு மரியாதையாக் கேட்டிருந்தார்: "மாடு மிகத் தத்ரூபமா வந்திருக்கு. என்ன மென்பொருள் பாவிச்சனீங்கள்?"

"மாமா, கோவிக்காதேங்கோ. நான் வீடியோவை மாறி அனுப்பிப்போட்டன். அது மல்லாவி இல்லை, செவ்வாய்க் கிரகம்."

"எனக்குப் பகிடி விடாதை! நான் பிறந்து வளர்ந்த காணி எனக்குத் தெரியாதே? மயில் கத்துது, என்ர ரெண்டு காதாலயும் கேட்டனான்!"

"மாமா, அது வந்து..."

"இஞ்சை பிறந்தநாள் வீட்டில பெரிய ரீவியில போட்டு எல்லாரும் பார்த்தவை. என்னோட படிச்ச நந்தன் அந்தப் பெரிய கல்லை உடன கண்டுபிடிச்சிட்டான். அதில இருந்துதானாம் நாங்கள் நாவல்பழம் சாப்பிட்டனாங்கள். எனக்கும் ஞாபகம் வந்திட்டுது. எங்கட ஊர்த் துரைசிங்கத்தார் அழுதே போட்டார்!"

"மாமா, பின்னால பெரிய மலை தெரியுதே. மல்லாவியில எங்கை மலை?"

மாமா வீடியோவைத் திரும்பப் போட, மயில் இன்னொருக்காக் கத்திச்சுது.

"அது அவங்கள் அள்ளிக் குவிச்ச கிரவல்" எண்டார்.

சரி, உண்மையான வீடியோவை அனுப்பினால் விளங்கும்தானே எண்டு உடன அனுப்பினன். பத்து நிமிசத்தில திரும்ப எடுத்தார். இப்ப கோவம் இன்னும் கூட.

"உது ஆற்ர காணி? நீதானே கம்பியூட்டரில இல்லாத இடத்திலயும் வண்டி ஓட விடுற ஆள்! உனக்கு நாலு தென்னை நடத் தெரியாதே? அதில ஒரு மாடு பொட்டு வைச்சுக்கொண்டு நிக்குது. எந்த ஊர் மாடு பொட்டு வைக்குது? ஏமாத்திற ஆள் கொஞ்சம் யோசிச்சு ஏமாத்தவேணும். நான் நாளைக்கே விக்கிறதுக்குக் கதைக்கிறன்!"

வருசக்கணக்கா மாமாவுக்கு என்ர படங்களை அனுப்பி, "பாருங்கோ மாமா, எல்லாம் நான் செய்தது, உண்மை மாதிரியே இல்லையே?" எண்டு பீத்தினது நான்தான். ஆரை நோகிறது?

திரும்ப ஸ்கூட்டி, திரும்ப மல்லாவி.

நடந்ததைச் சொல்ல ராசு அண்ணைக்கு ஒண்டும் விளங்கேல்லை. செவ்வாய்ப் படத்தை வாங்கி ரெண்டு தரம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்குங்க. ஆனா இதுல என்னத்த நடுறது?" எண்டார். பிறகு மெல்லமாக் கேட்டார்: "அப்ப எங்க வீடு போயிருச்சுங்களா, தங்கச்சி?"

சத்தியமா, எனக்கு அழுகை வந்திட்டுது. மனிசன் ஒரு தென்னைக்கும் குறை வைக்கேல்லை, நான் புட்டுத் திண்ட கவனத்தில அவற்ர வீட்டைத் துலைச்சிட்டன்.

"இல்லை அண்ணை. நேரடியா வீடியோ கோல் எடுத்துக் காட்டுவம். அதைக் கம்பியூட்டரில செய்ய ஏலாதுதானே" எண்டன்.

அந்தக் காணியில சிக்னல் வாறது ஒரேயொரு இடத்தில, கிணத்துக்கட்டில ஏறி நிண்டால். ஏறினன்! ராசு அண்ணை ஒரு பக்கம் என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறார். நான் மற்றக் கையால ஃபோனை ஆகாசத்துக்கு நீட்டுறன். ஃபோனுக்குள்ள மாமாவும் மாமியும் சோபாவில இருக்கினம்.

"மாமா, பாருங்கோ, தென்னை!"

"உது கம்பியூட்டர்."

"இந்தா ராசு அண்ணை! கையைக் காட்டுங்கோ அண்ணை!"

"அவனும் கம்பியூட்டர்."

"மாமா, நான் கிணத்துக்கட்டில நிக்கிறன்!"

"நீ எங்கையும் நிப்பாய்!"

அந்த நேரம் பார்த்துப் பொட்டு வைச்ச மாடு பின்னால வந்து என்ர சால்வையின்ர தலைப்பைக் கவ்வி இழுத்துப்போட்டுது. ஐயோ! ஒரு செருப்பு கிணத்துக்குள்ள விழுந்திட்டுது. நான் ராசு அண்ணையின்ர தோளில விழுந்தன். ஃபோன் பறந்துபோக, செல்வி அக்கா பாய்ஞ்சு ஏந்தினா. சிக்னல் அறுந்திருக்கவேணும். அறேல்லை.

செல்வி அக்கா ஃபோனைப் பிடிச்சபடி, நான் நிண்ட இடத்தைக் குனிஞ்சு பார்க்கிறா.

"ஐயா, தங்கச்சி நின்ன எடத்துல, சீமெந்துல என்னமோ எழுதியிருக்குங்க. நாங்க பாசின்னு விட்டுட்டோம், தங்கச்சி செருப்புல பாசி தேய்ஞ்சு இப்ப தெரியுதுங்க. சிவா... கலா... சுத்தி இதயம் வேற கீறி வெச்சிருக்குங்க. கலான்னா உங்க தங்கச்சிங்களா?"

ஃபோனுக்குள்ள மாமா சட்டெண்டு இருமினார்.

பிறகு மாமியின்ர குரல் வந்துது. நல்ல அமைதியான குரல்.

"அவற்ர தங்கச்சி தர்சியின்ர அம்மா. அவவின்ர பேர் பவானி. ஆரப்பா கலா?"

விடிஞ்சதிலயிருந்து கத்திக்கொண்டிருந்த மனிசன், இப்ப பஞ்சு மாதிரிக் கதைக்கிறார்.

"ஓம் ஓம், இது எங்கட காணிதான். இப்ப வடிவா விளங்குது. தென்னையெல்லாம் நல்லா நிக்குது. ராசு, நீ வலு கெட்டிக்காரன். மாடும் நல்ல மாடு. சரி பிள்ளை, ஃபோனை வை."

"வையாதை பிள்ளை" எண்டா மாமி. "கிட்டக் கொண்டுபோய்க் காட்டு."

நான் என்ன செய்யிறது? பெரியாக்கள் சொன்னால் கேக்கவேணும். கிட்டக் கொண்டுபோய்க் காட்டினன். ராசு அண்ணை கொடுப்புக்குள்ள சிரிக்கிறார். செல்வி அக்காவுக்கு மட்டும், தான் என்ன பிழையாக் கேட்டவ எண்டு இன்னும் விளங்கேல்லை.

மற்ற நாள் மாமா தானாவே எடுத்தார். வேலையிடத்துக் கார் பார்க்கில நிண்டு குசுகுசுக்கிறார். காணி எழுதுற அலுவலை உடன தொடங்கட்டாம். அரை ஏக்கர் இல்லையாம், ஒரு ஏக்கராம். ராசுவைப் போல நல்ல மனிசனை எங்கை காணலாம் எண்டு வேற கேட்டார்.

நான் ஓடிப்போய்ச் சொல்ல, செல்வி அக்கா என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதா. பிறகு எனக்கும் ஒரு பொட்டு வைச்சு விட்டா. மாடும் நானும் ஒரே மாதிரி நிண்டம்.

நிபந்தனை ஒண்டே ஒண்டுதானாம்: மாமி மார்கழியில வாறாவாம், அதுக்கு முதல் கிணத்துக்கட்டுக்குச் சீமெந்து பூசி முடிக்கவேணுமாம்.