பாட்டன் இல்லாத மெட்டு

உலகத்தில் இசைக் குழுக்கள் ஆயிரம் இருக்கலாம். ஆனால் ஒரு மெட்டைக் கேட்டதும் "நல்லா இருக்கா?" என்ற அற்பக் கேள்வியில் இறங்காமல், "இது யார் வீட்டுப் பிள்ளை?" என்று விசாரிக்கும் பண்பாடு, கனடாவில் ஸ்காட்லாந்துக்காரர்கள் வந்து குடியேறிய கேப் பிரெட்டன் தீவில் எங்கள் 'கிளென்கோரி குலமரபுக் கலைக் குழு'வுக்கு மட்டுமே உண்டு.

நான் அதன் செயலாளர், ஆலன் டங்கன் ரோரி. அதாவது, ரோரியின் மகன் டங்கனின் மகன் ஆலன். எங்கள் ஊரில் ஆளையே மூன்று தலைமுறை சொல்லித்தான் கூப்பிடுவோம். மெட்டை மட்டும் அநாதையாக விடலாமா? மேடையில் வில்லைப் பிடிலில் வைக்குமுன், அந்த மெட்டு யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று பரம்பரையை அறிவிப்பது எங்கள் விதி. போன கோடையில் தலைவர் ஹெக்டர் அறிவிக்கத் தொடங்கினார். ஆட நின்றவர்கள் உட்கார்ந்தார்கள், உட்கார்ந்தவர்கள் ஷூவைக் கழற்றினார்கள், டீ ஆறிப்போனது. மெட்டை வாசிக்க நேரமில்லை. நிகழ்ச்சி 'மாபெரும் வெற்றி' என்று தீர்மானம் போட்டோம்.

இப்பேர்ப்பட்ட குழுவுக்கு ஒரு சோதனை வந்தது. அதன் பெயர் மார்செல்லா. பள்ளிக்கூடத்துப் பஸ் ஓட்டுகிறவள். எங்கள் பின்வரிசைப் பிடில். கோடை நிகழ்ச்சிக்கு மெட்டுகளைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தில் ஒன்றை வாசித்தாள். மாதா கோயில் ஹாலில் இருந்த அத்தனை கால்களும் தாமாகவே தாளம் போட்டன. கால்களுக்கு வாக்குரிமை கிடையாது என்பதால் நாங்கள் அதைப் பொருட்படுத்தவில்லை.

"யாரும்மா குடுத்தது இதை?" என்றார் ஹெக்டர்.

"யாரும் குடுக்கல அண்ணே. நானே போட்டது. பசங்க வெளிய வர்ற வரைக்கும் பஸ்ல சும்மாதானே உக்காந்திருக்கேன்?"

ஓட்ஸ் ரொட்டி கடிக்கும் சத்தம்கூட நின்றுபோனது.

"நீ உயிரோட இருக்கியேம்மா" என்றார் ஹெக்டர், ஆழ்ந்த வருத்தத்தோடு.

"அது ஒரு குத்தமா?"

"குத்தம்னு யாரு சொன்னா? செத்தவங்க மெட்டு எத்தனையோ வரிசையில நிக்குது. நீ முண்டியடிச்சு உள்ள வந்தா நல்லாவா இருக்கும்?"

"அண்ணே, இத்தனை வருஷமா உங்க தாத்தா, அவங்க தாத்தான்னு எல்லாருக்கும் பின்னாடி உக்காந்து வாசிச்சாச்சு. ஒரே ஒரு தடவை முன்னாடி நின்னு என்னோடத வாசிக்கணும். அவ்வளவுதான் கேக்குறேன்."

குழுவின் மனம் இளகியது. முடிவு இளகவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு மார்செல்லா 'திருந்தி' வந்தாள். "இது ரொம்பப் பழைய மெட்டு. மலைக்கு அந்தப் பக்கம் ஒரு கிழவர் வாசிச்சதாம். பேர் தெரியாது. ஸ்காட்லாந்துலேர்ந்து கப்பல்ல வந்தவராம்" என்று சொல்லிவிட்டு வாசித்தாள். போன வாரம் கேட்ட அதே மெட்டுதான். ஆனால் இப்போது அதில் இருநூறு வருஷம் கேட்டது.

ஹெக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஐயோ, இது எங்க கொள்ளுத்தாத்தா மெட்டு! தொட்டில்லயே கேட்டிருக்கேன்!"

எனக்குப் பொறுக்கவில்லை. "சும்மா அளக்காதீங்கண்ணே. உங்க கொள்ளுத்தாத்தாவுக்கு இடது கை விரல் அத்தனையும் மரமறுக்கிற மில்லுல போச்சு. பிடிலை அவரு எங்க தொட்டாரு? இது எங்க ரோரி தாத்தாவோடது."

"உங்க தாத்தாவுக்குக் காதே கேக்காதேடா!"

"அதனாலதான் யாரையும் காப்பியடிக்காம சொந்தமாப் போட்டாரு!"

வாக்கெடுப்பில் என் தாத்தா வென்றார்.

"அட பாவிங்களா!" என்று எழுந்தாள் மார்செல்லா. "கிழவரும் இல்ல, கப்பலும் இல்ல. உங்களுக்காகத்தான் பொய் சொன்னேன். அது என் மெட்டுய்யா!"

அடுத்தவர் வீட்டுச் சொத்தைத் தன்னுடையது என்று இவ்வளவு துணிச்சலாகச் சொல்கிறவளை வேறு குழுவாக இருந்தால் அன்றே வெளியேற்றியிருக்கும். நாங்கள் மன்னித்தோம். பின்வரிசையில் உட்கார்ந்து கூட வாசிக்கவும் பெருந்தன்மையோடு அனுமதித்தோம்.

கோடை நிகழ்ச்சியில் நான் முன்னால் நின்றேன். பரம்பரையைச் 'சுருக்கமாக' அரைமணி நேரத்தில் முடித்து, வாசிக்கத் தொடங்கினேன். பாதியில் விரல் வழுக்கியது. மெட்டு எங்கேயோ போய் இடித்துக்கொண்டு திரும்பி வந்தது.

"அங்க தப்பு, ஆலன்!" பின்வரிசையிலிருந்து மார்செல்லாவின் குரல், அழாத குறையாக.

வில்லை நிறுத்தாமலே திரும்பிச் சொன்னேன்: "எங்க வீட்ல இப்படித்தான் வாசிப்போம்."

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. இப்போது ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்த மெட்டை, இடித்துக்கொள்ளும் இடத்தோடு சேர்த்து, அப்படியே கற்றுக்கொடுக்கிறோம். மார்செல்லா கூட்டத்துக்கு வருவதில்லை, பிடிலையே தொடுவதில்லையாம். மெட்டு அவளுடையதுதான் என்று சிலர் இன்னும் முணுமுணுக்கிறார்கள். முணுமுணுத்துவிட்டுப் போகட்டும். மெட்டு யாருடையதாக இருந்தால் என்ன? அதில் இருக்கிற தப்பு எங்கள் குடும்பத்துச் சொத்து. அதை எவனாலும் மறுக்க முடியாது.