ஏழாம் தூணடி எண்ணெய்ப் பரணி

வாழி! காட்டுப்பாக்கம் மல்லிகைக் குடியிருப்பின் மூன்றாம் மாடிக் கோமான், மடிக்கணினிப் பை தொங்கும் மணித்தோளன், போரூர் முதல் பூந்தமல்லி வரை பொங்கிப் புகைந்து கிடக்கும் நெரிசற்பெருங்கடலை நாளுக்கு இருமுறை நீந்திக் கரையேறும் நெஞ்சுரத்தான், தலைக்கவசத்தைத் தலையிலேயே அணியும் தனிப்பெரும் ஒழுக்கத்தான், முந்நூற்றைம்பது சிசி முழக்கமுடைக் கரும்புரவியின் ஒரே உரிமையாளன், ஜாஸ்லின் மணாளன், ஜாபஸ் வாழி! அவன் ஓர் எண்ணெய்ச் சொட்டோடு ஆறு பகல் பொருத வரலாற்றை இங்கே பாடப் புகுந்தேன். ஸ்பேனரே, துணை நில். பனியன் வேஸ்டே, என் பிழைகளைத் துடைத்து அருள். நேரமில்லாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம், நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

முதலில் களம். பதினான்கு வீடுகளைத் தலைமேல் சுமந்து நிற்கும் அக்கட்டடத்தின் கீழ்த்தளத்தில் வண்டி நிறுத்தும் இடங்கள் பன்னிரண்டு. அவற்றுள் ஏழாம் தூணடி இருக்கிறதே, அதுவே இடம்! சென்ற கார்த்திகையில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றி, ஏரி எது தெரு எது என்று எருமைகளே திகைத்து நின்ற அந்நாளில், மற்றப் பதினோரிடத்தும் சைலன்சர் முங்கத் தண்ணீர் நிற்க, தரை நான்கு விரற்கடை உயர்ந்த ஏழாம் தூணடியில் மட்டும் பொட்டு ஈரமும் ஏறவில்லை. கல்யாணத்துக்கு முன்பே வாங்கிய வண்டி அது. அன்று அது உலர்ந்து நின்றதைக் கண்டு ஜாபஸ் மெய்யாகவே கண்கலங்கினான்.

ஆனால் அரியாசனம் என்றால் அதற்கு ஒரு போட்டியாளனும் இருப்பானல்லவா? கீழ்த்தளத்தின் ஒரே பிளக் பாயிண்ட் அந்த ஏழாம் தூணில்தான் இருந்தது. இரண்டாம் மாடி அபிஷேக், எண்ணெய் என்ற ஒன்றையே அறியாத மின்சார ஸ்கூட்டரின் அதிபதி, சார்ஜர் ஒயரைக் கையில் சுருட்டிக்கொண்டு நாள்தோறும் அந்த இடத்தை ஏக்கத்தோடு பார்த்தபடி படியேறுவான். பார்க்கும்போதெல்லாம் "குட் மார்னிங் அண்ணா" என்று சிரிப்பான். நல்ல பையன்தான், அதுதான் ஜாபஸுக்கு இன்னும் எரிச்சல்.

ஆடி மாதம் குடியிருப்போர் சங்கத்தார் அத்தரை முழுதும் பால்நிற டைல்ஸ் பதித்தனர். பதித்த சிமெண்டு காயுமுன்னே, சங்கச் செயலாளர், வாட்ஸ்ஆப் குழுவின் ஒற்றை அட்மின், நோட்டீஸ் ஒட்டுவதில் நிகரிலாத சம்பந்தம், தம் முதல் திருமுகத்தை வெளியிட்டார்: "இனி எவரும் சென்டர் ஸ்டாண்டு போடலாகாது. இரும்புக் கால் இரண்டும் ஊன்றினால் டைல்ஸ் உடையும். சைடு ஸ்டாண்டு மட்டுமே!" அன்று முதல் பன்னிரு வண்டிகளும் இடப்புறம் சாய்ந்தே நின்றன. மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். ஜாபஸ் முணுமுணுக்கக்கூட இல்லை. சட்டத்துக்குப் பயந்தவன், ஞாயிறு ஆராதனைக்கு மணியடிக்குமுன் போய் உட்காருகிற ரகம்.

இவ்வாறிருக்க, புரட்டாசி கழியும் ஒரு திங்கட்கிழமைக் காலை. துடைப்பமே செங்கோலாக அத்தளத்தை ஆளும் வேம்புலியம்மாள், ஏழாம் தூணடியில் திடுக்கிட்டு நின்றாள். பால்நிறத் தரையில் கண்மை கரைந்தாற்போல் ஒரு வட்டம். மூன்றாம் மாடிக்குக் கேட்கும்படி அவள் குரல் எழுந்தது.

"இன்னா சார், உன் வண்டி கீய எண்ணெ ஊத்திகினு கீது! நான் இன்னாத்த போட்டுத் தேச்சாலும் போவல சார்!"

அந்தச் சொல் ஜாபஸின் செவியில் விழுமுன் அந்தக் கறை சம்பந்தத்தின் செல்பேசியில் படமாய் விழுந்திருந்தது. அரைமணியில் இரண்டாம் திருமுகம் பிறந்தது: "இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், எந்த வண்டியால் நம் டைல்ஸுக்குக் கறையோ விரிசலோ நேருமோ, அந்த வண்டி வெளியே பாதாம் மரத்தடிக்கு மாற்றப்படும். வரும் ஞாயிறு காலை பதினொரு மணிக்கு நேரில் ஆய்வு. காலியாகும் இடம் அபிஷேக்குக்கு." அதன்கீழ் அபிஷேக் கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டான்.

பாதாம் மரத்தடி! காக்கைகள் கூடிக் கழிவிறைக்கும் கொடுங்களம், பழுத்த இலை சொரியும் பாழிடம், மழை வந்தால் முதலில் முங்குவதும் கடைசியில் வடிவதுமான பள்ளம்! ஐப்பசி பிறக்கப் பத்து நாள்கூட இல்லை. தன் வண்டி அங்கே சீட்டு முங்க நிற்பதை நினைத்ததும் அந்த வீரனுக்கு அன்று காலை இட்லி இறங்கவில்லை.

செவ்வாய் முதற்போர். அலுவலகத்திலிருந்து அரைநாள் விடுப்பெனும் வரம் பெற்று வந்த ஜாபஸ், பூந்தமல்லி சென்று ஒரு செப்பு வாஷர் கொணர்ந்தான். எஞ்சினின் அடிவயிற்று டிரெயின் போல்ட்டே இத்தீவினைக்கு மூலமென்று துணிந்து, பழைய பெயிண்ட் வாளியை ஏந்தி, இருந்த எண்ணெயெல்லாம் ஒழுகவிட்டு, புது வாஷர் மாட்டி, பல்லைக் கடித்து முடுக்கி, கையேடு சொன்ன அளவு புத்தெண்ணெய் பெய்தான். பின்பு, ஆடி முதல் சனிக்கிழமைதோறும் தவறாமல் பார்த்துக் குறைந்ததாய்த் தெரிந்ததை ஊற்றி வருவதுபோல், எஞ்சினின் வலப்பக்கத்திலுள்ள வட்டக் கண்ணாடியில் எண்ணெய் மட்டத்தைக் குனிந்து நோக்கினான். கண்ணாடி காலி! "அளவாய்ப் பெய்தும் காலியெனில், பகைவன் எத்துணை விரைவாய்க் குடிக்கிறான்!" என்று அதிர்ந்தவன், மேலும் அரை லிட்டர் ஊற்றினான். மறுநாள் காலை சொட்டு இரண்டாகியிருந்தது.

வியாழன் இரண்டாம் போர். வீட்டிலிருந்தே வேலை என்று சொல்லி, காதில் அலுவலகக் கூட்டமும் கையில் டி ஸ்பேனருமாய்க் களத்தில் குந்திய அந்தத் தீரன், இம்முறை எஞ்சினின் தலையையே கழற்றத் துணிந்தான். டாப்பட் கவரைத் திறந்து, பழைய கேஸ்கட்டைச் சுரண்டி, புதியதை வைத்து, பசை தடவி, போல்ட்டுகளை ஒவ்வொன்றாய் அவன் இறுக்கிய ஓசை கூட்டம் முழுதும் கணீரென ஒலித்தது. "ஜாபஸ், லைன்ல இருக்கீங்களா? யாரோ பாத்திரம் கழுவுறாங்க போல" என்றார் மேலாளர். "இருக்கேன் சார்" என்று முழங்கி, கண்ணாடியைப் பார்த்தான். காலி. இன்னும் கொஞ்சம் ஊற்றினான்.

வெள்ளியன்று சொட்டுகள் ஐந்து. அடியில் அவன் விரித்திருந்த பார்சல் அட்டைப்பெட்டியில் அவை சிலுவைக்குறி போலவே விழுந்திருந்தன. கடவுள் ஏதோ சொல்கிறார் என்று அவனுக்குத் தோன்றியது, என்னவென்றுதான் புரியவில்லை.

சனிக்கிழமை மூன்றாம் போர், இதுவே பெரும்போர். பகைவன் மறைந்திருக்கும் வாயிலைக் காணும் வழியொன்றை இணையத்தில் கண்டெடுத்த ஜாபஸ், டீசலும் பிரஷும் கொண்டு எஞ்சினை மூலைமுடுக்கெல்லாம் கழுவித் துடைத்து, படுக்கையறைக்குள் புகுந்து ஜாஸ்லினின் பவுடர் டப்பாவைக் கவர்ந்து வந்து, எஞ்சின் முழுவதும் அள்ளி அப்பினான். வெண்பொடி மேல் எங்கே ஈரம் தோன்றுமோ அங்கேதான் கசிவு என்பது கணக்கு. மாடிப்படியில் அவன் மனையாள் தோன்றினாள்.

"ஏங்க, புது டப்பாங்க அது! எனக்கு ஒருநாளாவது இப்படிப் போட்டுவிட்டிருக்கீங்களா?"

அதற்குள் அவன் வண்டியைக் கிளப்பியிருந்தான். நறுமணம் கமழ, வெண்புகை பறக்க, வழியிலிருந்த சிக்னல்களிலெல்லாம் ஆட்டோக்காரர்கள் எட்டிப் பார்க்க, பூந்தமல்லி பேருந்து நிலையம் வரை போய் மீண்டான். மீண்டவன் குனிந்து பார்த்தான். என்ன விந்தை! எஞ்சினில் பூசிய பொடி பூசியபடியே இருந்தது, ஓர் ஈரப்புள்ளி இல்லை. ஆனாலும் அவன் கண்முன்னே, வண்டியின் பின்னடியிலிருந்து ஒரு கருஞ்சொட்டு உருண்டு, திரண்டு, தொங்கி, தயங்கி, டைல்ஸில் விழுந்தது. ஜாபஸ் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

இனிக் கர்வம் பார்த்துப் பயனில்லை. சிக்னலுக்கு அப்பால், டீக்கடைக்கும் பழைய இரும்புக்கடைக்கும் நடுவே, வாயில் பாக்கும் காதில் பேனாவும் கொண்டு வீற்றிருக்கும் மெக்கானிக் ஆரோக்கியசாமியிடம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான்.

"இன்னா சார் இது, பவுடர்லாம் போட்டு இட்டாந்துகீற? வண்டிய பொண்ணு பாக்க வர்றாங்களா?" என்றார் அவர்.

ஜாபஸ் ஆறு நாள் அவலத்தையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தான். ஆரோக்கியசாமி ஸ்பேனரைத் தொடவில்லை. வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் தூக்கி நிமிர்த்தினார், குந்தி உட்கார்ந்து அந்த வட்டக் கண்ணாடியை ஒரு முறை பார்த்தார், பாக்கைத் துப்பிவிட்டு வந்தார்.

"எவ்ளோ ஆயில் ஊத்துன நைனா? கண்ணாடி மேல வரிக்கும் ரொம்பிகினு கீது! நீ சைடு ஸ்டாண்டுல சாச்சி வச்சிகினே பாத்துகீற. சாஞ்சா ஆயிலு பூரா அந்தாண்ட பூடும், இந்தாண்ட கண்ணாடி காலியாத்தான் தெரியும். உள்ள எடம் பத்தாம ஏர் ஃபில்டர் பொட்டிக்குள்ள ஏறி, அத்தோட டியூபு வழியா கொட்டுது. வண்டி லீக் ஆவல சார். வாந்தி எடுக்குது."

கேளீர், கேளீர்! வாஷர் குற்றமற்றது. கேஸ்கட் குற்றமற்றது. டைல்ஸைக் காக்கப் பிறந்த ஆணையே வண்டியைச் சாய்த்து, சாய்ந்த வண்டி கண்ணாடியைக் காலியாய்க் காட்டி, அதை நம்பிய ஜாபஸ் மூன்று மாதமாய் ஊற்றி ஊற்றி, ஊற்றியது வழிந்து அதே டைல்ஸைக் கறைப்படுத்தியது! ஆரோக்கியசாமி வடித்தெடுத்த மிகையெண்ணெய் ஒரு தண்ணீர் பாட்டிலில் முக்கால்வாசி நின்றது. ஜாபஸுக்குச் சிரிப்பும் வந்தது, சம்பந்தத்தின் மேல் அடக்கமுடியாத கோபமும் வந்தது.

ஞாயிறு பதினொரு மணி. ஆராதனை முடித்த வெள்ளைச் சட்டையோடு ஜாபஸ் நிற்க, ஜாஸ்லின் அருகில் நிற்க, ஒயர் சுருளோடு அபிஷேக் நிற்க, துடைப்பத்தோடு வேம்புலியம்மாள் நிற்க, முந்தின நாள் மாலையிலிருந்து வண்டியடியில் விரித்துக் கிடந்த வெள்ளைச் சார்ட் பேப்பரைச் சம்பந்தம் தம் கையாலேயே உருவி, மூக்குக்கண்ணாடியை ஏற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு பொட்டு இல்லை! எதற்கும் போகாத பழைய கறையையும் வேம்புலியம்மாள் கடைசியில் எதையோ ஊற்றித் தேய்த்துப் போக்கியிருந்தாள். "ஏழாம் இடம் ஜாபஸுக்கே" என்று தீர்ப்புரைத்தார் செயலாளர். அபிஷேக் "வாழ்த்துக்கள் அண்ணா" என்று கைகொடுத்தான்.

இங்கே அவன் நன்றி சொல்லிவிட்டு மேலே பிரியாணி சாப்பிடப் போயிருந்தால் இக்காவியமும் இங்கேயே மங்களமாய் முடிந்திருக்கும். ஜாஸ்லினும் "வாங்க, போலாம்" என்று சட்டையை இழுத்தாள். ஆனால் வாழ்நாளில் முதன்முறையாக அந்தச் சட்டபயத்தான் வாய் திறந்தான். "நில்லுங்கள்! ஆறு நாள் என்னை அலைக்கழித்தது என் வண்டியன்று, உங்கள் ஆணை! சென்டர் ஸ்டாண்டு போட்டால் டைல்ஸ் உடையும் என்றீர்களே, எங்கே உடைகிறது, இதோ பாருங்கள்!" என்று முழங்கி, கைப்பிடியைப் பற்றி, காலால் ஸ்டாண்டை மிதித்து, நூற்றுத்தொண்ணூறு கிலோ இரும்பையும் ஒரே எக்கில் தூக்கி நிறுத்தினான். கரும்புரவி நிமிர்ந்து நின்றது. கண்ணாடியில் எண்ணெய் மிகச் சரியான அளவில் பொன்னாய் மின்னியது.

டக்.

ஒலி சிறிதுதான். விரிசல்தான் நீளம். ஸ்டாண்டின் இரு கால்களுக்கு அடியிலிருந்தும் கிளம்பி, நடுவே கைகோத்து, ஏழாம் இடத்தைக் கடந்து எட்டாம் இடத்தின் எல்லை வரை போய் நின்றது. வேம்புலியம்மாள் குனிந்து, விரலால் அதைத் தடவிப் பார்த்து, "போச்சா?" என்றாள். சம்பந்தம் செல்பேசியை எடுத்தார்.

ஜாபஸின் வண்டி இப்போது பாதாம் மரத்தடியில் நிற்கிறது, சென்டர் ஸ்டாண்டு போட்டு.