அதிகாரிக்கு வைத்த சோடா

வாழ்க்கையில் ஒரு சொட்டுக் கள்ளை நான் வாயில் வைத்ததில்லை. இருந்தும், ஒரு நாள் காலை பத்தரை மணிக்கு, ஊரெல்லாம் கூடியிருந்த பந்தலின் நடுவில் நின்று குடிகாரன் என்று பெயர் எடுத்தேன். குடித்துக் கெட்ட பெயர் எடுப்பவர்களுக்குக் குடித்த சுகமாவது மிஞ்சும். எனக்கு அதுவும் கிடைக்கவில்லை.

அறுபதுகளின் தொடக்கம் அது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, முள்ளியவளைக்கு அப்பால் காடு வெட்டி அமைத்த ஒரு குடியேற்றத் திட்டத்தில் எனக்கும் மூன்று ஏக்கர் வயல் கிடைத்திருந்தது. எனக்கு வயது இருபத்தெட்டு. கலியாணம் முடித்து ஒன்றரை வருடம். கையெழுத்து அழகாக இருந்ததால் கிராம முன்னேற்றச் சங்கத்துக்கு என்னைச் செயலாளராக்கியிருந்தார்கள். (செயலாளர் என்றால் கடிதம் எழுதுபவர் என்று நினைத்துத்தான் ஒப்புக்கொண்டேன். கூட்டத்துக்கு ஆட்கள் உட்கார வாங்கு தூக்குபவரும் அவர்தான் என்று பிறகு தெரிந்தது.) பதவி வந்த வேகத்தில் கள்ளுக்கு எதிராக ஒரு நோட்டீஸ் எழுதிக் கடைவாசல் மரத்தில் ஒட்டியிருந்தேன். அதைப் படித்துவிட்டு இரண்டு பேர் என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டார்கள். அதையும் பெருமையாகவே எடுத்துக்கொண்டேன்.

இந்தப் பெரிய மனிதருக்கு ஒரு இரகசியம் இருந்தது. முதல் வருட வெள்ளாண்மை முடிந்த கையோடு எனக்குத் தண்ணீர்த் தாகம் பிடித்தது. குடம் குடமாகக் குடித்தேன். உடம்போ வேட்டி நழுவும் அளவுக்கு வற்றியது. வவுனியாவுக்குப் போய்ப் பார்த்தபோது சீனி வருத்தம், நீரிழிவு என்றார்கள். தினமும் காலையில் இன்சுலின் ஊசி. என் மனைவி பாக்கியம் கண்ணாடிச் சிறிஞ்சைச் சுடுதண்ணீரில் அவித்துத் தருவாள். மருந்துக் குப்பியை சூடு படாமல் ஈர மணல் போட்ட மண்முட்டிக்குள் புதைத்து வைத்திருந்தோம். இது எங்கள் இருவரையும் தவிர ஊரில் ஒருவருக்கும் தெரியாது. வருத்தக்காரன் என்று தெரிந்தால் காணிக்குத் தந்த அனுமதிப் பத்திரத்தை, அந்தப் போமிட்டைப் பறித்துவிடுவார்கள் என்பது என் பயம். அப்படி யாரும் சொல்லியிருக்கவில்லை. நானே யோசித்து, நானே நம்பியது.

டொக்டர் ஒரு சிரிக்காத மனிதர். ஊசி போட்டால் அரை மணித்தியாலத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும், உம்முடைய அலுவல் முடியும்வரை மருந்து காத்திராது என்றார். கூடுதலாக வேலை செய்தால் கூடுதலாகச் சாப்பிட வேண்டும். கை நடுங்கினால், வேர்த்தால், உதடு விறைத்தால், காரணமில்லாமல் கோபம் வந்தால் உடனே சீனி தின்ன வேண்டும். சட்டைப் பைக்குள் எந்நேரமும் கல்கண்டு இருக்க வேண்டும். கூட இருப்பவர்களுக்கும் சொல்லி வைக்க வேண்டும்.

சீனி கூடிய வருத்தத்துக்குச் சீனி தின்னச் சொல்கிறாரே, இவர் எங்கே படித்தவர் என்று பஸ்ஸில் வரும்போது பாக்கியத்திடம் கேட்டேன். அவள் இறங்கியதும் கடையில் கால் இறாத்தல் கல்கண்டு வாங்கினாள்.

எங்கள் திட்டத்துக்கு பஸ் வருவதில்லை. பிரதான வீதியில் இறங்கி நாலு மைல் நடக்க வேண்டும். அந்த பஸ்ஸைக் கேட்டு மனுக் கொடுப்பதற்காகக் காணி அதிகாரியைக் கூட்டத்துக்கு அழைத்திருந்தோம். வரவேற்புரை நான். பத்து நாள் பாடமாக்கினேன். பாக்கியத்துக்கும் அது பாடமாகிவிட்டது. அடுப்படியில் நின்றபடியே நான் விட்ட வரியை எடுத்துக் கொடுப்பாள்.

அன்று காலை ஆறரைக்கு ஊசி போட்டேன். பிட்டு அவிந்துகொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்துச் சங்கத் தலைவர் கந்தையா அண்ணை படலையடியில் நின்று கூப்பிட்டார். அதிகாரியின் ஜீப் வெள்ளனவே வரப்போகிறதாம், பந்தலில் ஒரு வாங்குகூட இல்லையாம். ஐந்து நிமிடம் பொறுங்கோ, பிட்டு இறக்கிறன் என்று பாக்கியம் சொன்னாள். நாட்டுக்கு உழைக்கப் போகிறவனைப் பிட்டுக்காக மறிக்கிறாளே என்று எனக்கு எரிச்சல். வந்து சாப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தேன்.

கல்கண்டுப் பொட்டலத்தையாவது கொண்டுபோங்கோ என்று வாசல்வரை ஓடி வந்தாள். அன்றைக்கென்று நான் போட்டிருந்தது நைலோன் சேட்டு. புதிது. உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரிகிற சாதி. அந்தப் பையில் ஒரு பவுண்டன் பேனை மட்டும் தெரிய வேண்டும் என்பது என் திட்டம். கடதாசிப் பொட்டலம் தெரிந்தால் அதிகாரி என்ன நினைப்பார்? (அந்த மனிதர் என் பையைப் பார்க்கவே இல்லை என்பது வேறு விசயம்.) பொட்டலத்தை அவள் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனேன்.

இரண்டு மைல் சைக்கிள். பிறகு பள்ளிக்கூடத்திலிருந்து பன்னிரண்டு வாங்கு தூக்கினேன். தோரணம் கட்டினேன். மேசைக்கு வெள்ளை விரித்து, அதிகாரிக்கென்று முல்லைத்தீவிலிருந்து வரவழைத்த ஒறேஞ் சோடாப் போத்தலை நடுவில் வைத்தேன். வெள்ளன வருவதாகச் சொன்ன ஜீப் பத்து மணிக்கு வந்தது.

மேசைக்குப் பக்கத்தில் ஏறி நின்றபோது நான் மிகத் தெளிவாக இருப்பதாகவே எனக்குப் பட்டது. உடம்பு காற்றாய் இருந்தது. சேட்டு நனைந்து முதுகில் ஒட்டியதை உணர்ந்தேன். நைலோன் அப்படித்தான் என்று நினைத்தேன். உதடு விறைத்தது. சபைக் கூச்சம் என்று அதற்கும் காரணம் வைத்திருந்தேன். பிறகு நடந்தவற்றில் எனக்குத் துண்டு துண்டாகவே ஞாபகம். மிச்சம், அங்கே இருந்தவர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொன்னது.

“பெருமதிப்புக்குரிய காணி அதிகாரி அவர்களே” என்று தொடங்கினேனாம். நன்றாக இருந்ததாம். பிறகும் “பெருமதிப்புக்குரிய காணி அதிகாரி அவர்களே” என்றேனாம். ஆறாவது தடவை அதிகாரி தன் கதிரையில் நெளிந்தாராம். கந்தையா அண்ணை என் வேட்டியைப் பின்னால் இழுத்து, அடுத்த வரிக்குப் போகச் சொன்னாராம். நான் அடுத்த வரிக்குப் போகவில்லை. கந்தையா அண்ணையிடம் போனேன். பஸ் கேட்டு எழுதிய மனுவில் தன் பெயரை மட்டும் பெரிய எழுத்தில் எழுதச் சொன்னவர் இவர் என்று சபைக்கு அறிவித்தேன். (அது உண்மை. ஆனால் அன்று சொல்வதாக இருக்கவில்லை.)

பிறகு அதிகாரியின் பக்கம் திரும்பினேன். இந்த வசனம் மட்டும் எல்லாருடைய கதையிலும் ஒரே மாதிரி வருவதால் நான் சொன்னதாகத்தான் இருக்க வேண்டும்:

“நீர் ஆர் காணும்? எழும்பும், அது என்ர கதிரை.”

சொன்னதோடு நிற்காமல் மேசை விரிப்பின் நுனியைப் பிடித்து மடிக்கத் தொடங்கினேனாம், வீட்டுக்கு எடுத்துப் போகிறவன் மாதிரி. சோடாப் போத்தல் சாய, அதிகாரி அதை எட்டிப் பிடித்தார். என் கால் மடங்கியது. மேசைக் காலில் சாய்ந்தபடி நிலத்தில் இருந்துவிட்டேன்.

பந்தலில் முதல் சத்தம் என் நோட்டீசைப் படித்துவிட்டுக் கதைக்காமல் விட்ட இருவரில் ஒருவருடையது. இவரோ மரத்தில எழுதி ஒட்டினவர் என்று கேட்டாராம். உடனே ஊர் வைத்தியம் தொடங்கியது. கள்ளு வெறி முறிய வேண்டும் என்று ஒருவர் என் தலையில் தேசிக்காயைப் பிளந்து தேய்த்தார். இன்னொருவர் மோருக்கு ஆள் அனுப்பினார். கந்தையா அண்ணை அதிகாரியிடம், இவர் எங்கட சங்கத்தில இப்பதான் புதுசா வந்தவர் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் இரண்டு வருடச் செயலாளர்.

அப்போது பந்தலின் ஓரத்திலிருந்து மதலேனம்மா வந்தாள். நாயாற்றுப் பக்கத்துப் பெண். கருவாட்டுப் பெட்டியோடு எங்கள் திட்டத்துக்கு வாரத்தில் ஒரு நாள் வருவாள். கூட்டத்தில் விலைப்படும் என்று அன்றும் வந்திருந்தாள். தேசிக்காய்க்காரரின் கையைத் தட்டிவிட்டு, குனிந்து என் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். வாயை மணந்தாள்.

“வெறி மணக்கேல்லை. உடம்பு ஐஸ் மாதிரிக் கிடக்கு, வேர்வை ஆறா ஓடுது” என்றாள். “இந்தத் தம்பிக்குச் சீனி வருத்தம் இருக்கோ?”

ஒருவருக்கும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? நான்தான் முட்டிக்குள் புதைத்து வைத்திருந்தேனே.

மதலேனம்மா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அதிகாரியின் கையிலிருந்த சோடாவை வாங்கினாள். (பறித்தாள் என்பதே சரி என்று அதிகாரி பிறகு என்னிடம் சொன்னார்.) மேசை விளிம்பில் தட்டி மூடியைக் கழற்றினாள். என்னை நிமிர்த்தி இருத்தி, முதலில் ஒரு மிடறு மட்டும் தந்து விழுங்குகிறேனா என்று பார்த்தாள். பக்கத்தில் நின்ற ஒருவர், முழுக்க ஊத்தன் என்று அவசரப்படுத்தினார்.

“அறிவு கெட்டு மயங்கிக் கிடந்தா வாயில ஒண்டும் ஊத்தக்கூடாது, புரைக்கேறிப் போயிடும். இவர் விழுங்கிறார். பொறுங்கோ.”

மிடறு மிடறாக நான் முழுப் போத்தலையும் குடித்தேன். அந்தச் சோடாவின் ருசி எனக்கு இன்றும் சொல்லத் தெரியவில்லை. ஒரு பத்து நிமிடத்தில் பந்தல் பந்தலாயிற்று. மனிதர்களுக்கு முகம் வந்தது. முதலில் தெளிவாகத் தெரிந்த முகம் காணி அதிகாரியுடையது. அவர் கதிரையை விட்டு எழுந்து நின்றுகொண்டிருந்தார். உண்மையாகவே கதிரையை எனக்குத் தந்துவிட்டார்போல.

தன் மனுசனும் இந்த ஊசிக்காரர்தான் என்று மதலேனம்மா கூட்டத்துக்கு விளங்கப்படுத்தினாள். ஒருநாள் சாப்பிடாமல் கடலுக்குப் போனவர், வள்ளத்தில் நின்று சொந்தத் தம்பிக்கே துடுப்பால் அடிக்கப் போனாராம். சோடா கொஞ்ச நேரத்துக்குத்தான் தாங்கும், சோறோ பிட்டோ கொடுங்கோ என்று சொல்லும்போதே பாக்கியம் பந்தலுக்குள் ஓடி வந்தாள். உன்ர மனுசன் குடிச்சுப்போட்டு விழுந்து கிடக்கிறான் என்று யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு கையில் பிட்டுப் பார்சல், மற்றக் கையில் கல்கண்டு. வந்த வேகத்தில் யாரையும் பார்க்காமல் சொன்னாள்:

“அவர் குடிக்கேல்லை. இன்சுலின் ஊசி போட்டுட்டுச் சாப்பிடாமல் வந்தவர். ஒன்பது மாசமா ஊசி போடுறார்.”

ஒன்பது மாத இரகசியம் ஒரு மூச்சில் போயிற்று. போமிட் தரும் அதிகாரி இரண்டடி தள்ளி நிற்கிறார். நான் தலை நிறையத் தேசிக்காய்ப் புளியோடு நிலத்தில் இருந்து, ஊரே பார்த்துக்கொண்டிருக்கப் பிட்டுச் சாப்பிட்டேன். மனுவைக் கந்தையா அண்ணை கொடுத்தார். பெயர் பெரிய எழுத்தில்தான் இருந்தது.

அந்த வாரம் நான் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. வயலில் தண்ணீர் கட்டக்கூடப் பாக்கியம்தான் போனாள். எட்டாம் நாள் காணி அதிகாரியின் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது: போமிட்டுடன் நேரில் வரவும். வாசித்ததும் எனக்கு வேர்த்தது. பாக்கியம் உடனே கல்கண்டை நீட்டினாள். இது மற்ற வேர்வை என்று சொல்லியும் விடவில்லை.

மூன்று வாழைப்பழத்தோடு கந்தோருக்குப் போனேன். செய்ததற்கு மன்னிப்புக் கேட்டு, காணியை எடுத்துவிட வேண்டாம் என்று மன்றாடினேன். அதிகாரி விளங்காமல் பார்த்தார். போமிட் இலக்கத்தில் ஒரு பிழை இருந்ததாம், எங்கள் வரிசையில் எல்லாரையும் கூப்பிட்டிருக்கிறார்களாம்.

“வருத்தக்காரருக்குக் காணி இல்லை எண்டு எங்க எழுதியிருக்கு?” என்று கேட்டார்.

நான் போமிட்டை எடுத்து நீட்டினேன்.

“நீர்தானே ஊரில எல்லாருக்கும் போமிட் வாசிச்சுக் காட்டுறனீர். உம்முடையதை வாசிக்கேல்லையோ?”

வாசிக்கவில்லை. பயத்தில் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தேன். இலக்கத்தைத் திருத்தித் தந்துவிட்டு, வெளியே போகுமுன் ஒரு பழத்தைச் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். முன்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

டொக்டரிடம் முழுக்கச் சொன்னேன். ஊசி போட்டீர், சாப்பிடவில்லை, சைக்கிள் ஓடினீர், வாங்கு தூக்கினீர், ஒருவருக்கும் சொல்லவில்லை; இனிப் பிழை விட எனக்குத் தெரிந்த வழி ஒன்றும் மிச்சமில்லை என்றார். அதுதான் அவர் சொன்ன ஒரே பகிடி. அதையும் சிரிக்காமல்தான் சொன்னார்.

அதன்பின் ஊரில் எனக்கு இரகசியம் என்று ஒன்று இல்லை. நான் சைக்கிளில் போனால் வழியில் நிற்பவர்கள் சுகம் விசாரிப்பதற்குப் பதிலாகச் சாப்பிட்டாச்சோ என்று கேட்பார்கள். நோட்டீஸ்காரர்கள் இருவரும் திரும்பக் கதைக்கத் தொடங்கினார்கள். அவர்கள் குடிக்கும்போதும் எனக்கென்று ஒரு தேத்தண்ணி சொல்லி வைத்தார்கள். பஸ் அடுத்த வருடம் வந்தது. என் வரவேற்புரையால் வந்ததல்ல.

வீட்டில்தான் நட்டம் நிரந்தரமானது. காரணமில்லாத கோபம் ஒரு அறிகுறி என்று டொக்டர் சொன்னதைப் பாக்கியம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். நான் குரலை உயர்த்தினால் பதில் வராது, வாழைப்பழம் வரும். முதல் இதைச் சாப்பிடுங்கோ, பிறகு சண்டை பிடிப்பம் என்பாள். பழத்தை விழுங்கிக்கொண்டு யாராலும் கோபப்பட முடியாது. பிள்ளைகளும் பழகிவிட்டார்கள். பரீட்சைப் புள்ளிகளைக் கேட்டு அதட்டினால், அம்மா, அப்பாவுக்குச் சீனி இறங்கீட்டுது என்று உள்ளே குரல் கொடுப்பார்கள். முப்பது வருடமாக என் நியாயமான கோபங்கள் எல்லாம் பழத்தோடு இறங்கிப் போயின.

வெளிநாட்டிலிருக்கும் மகள், விரலில் குத்தி ஒரு சொட்டு இரத்தத்தில் சீனி பார்க்கிற சின்ன மெசின் ஒன்றை அண்மையில் அனுப்பினாள். இனி எனக்கும் ஒரு சாட்சி உண்டு என்று மகிழ்ந்தேன். போன கிழமை ஏதோ கதையில் பாக்கியத்தோடு வாக்குவாதம். அவள் பழத்தை எடுக்க எழும்பினாள். பொறும் என்று சொல்லி, மெசினை எடுத்து, குத்தி, இலக்கத்தை அவளுக்கு நேரே நீட்டினேன். சீனி அளவாக, அச்சொட்டாக இருந்தது.

கண்ணாடியைப் போட்டு வடிவாகப் பார்த்தாள். பழத்தைத் திரும்பத் தட்டில் வைத்தாள்.

“ஓம், சீனி சரியாத்தான் இருக்கு” என்றாள். “அப்ப இது உங்கட சொந்தக் குணம்.”