இஞ்சியின் இலக்கிய வெற்றி

தமிழ்மொழி உலகுக்கு அளித்த கொடைகளில் தலையாயது 'ஜிஞ்சர்லி' என்ற ஆங்கிலச் சொல். பதனமாக, அலுங்காமல் என்று பொருள். அது நம் இஞ்சியிலிருந்து பிறந்தது என்று கண்டுபிடித்தவன் நான்.

இன்று காலை எழுந்தேன். முகம் கழுவினேன். தித்தே போட்டேன். மொரீசியசில் டீக்கு அதுதான் பெயர். இஞ்சி எந்த டப்பாவில் இருக்கிறது என்று தெரியவில்லை. அப்படியே குடித்துவிட்டு சாந்த் குருவாவுக்குப் பஸ் ஏறினேன். அங்கே எங்கள் சொல்லாராய்ச்சிக் கழகம் இருக்கிறது. நான் அதன் செயலாளர்.

என் கட்டுரை போன மாதமே அங்கு அரங்கேறிவிட்டது. இஞ்சியைத் தோல் சீவுகிறவன் பதனமாகத்தானே சீவியாக வேண்டும்? பலத்த கைதட்டல். அந்தச் சொல் பழைய பிரெஞ்சிலிருந்து வந்திருக்கலாம் என்கிறது அகராதி. அகராதியைக் கண்டித்து ஒருமனதாகத் தீர்மானம் போட்டோம். விவாதம், விரைவு கருதி, தீவின் பேச்சுமொழியான கிரியோலில் நடந்தது.

இன்றைய கூட்டம் என் மனைவி மார்லெனுக்கு அஞ்சலி. கட்டுரை அரங்கேறுவதற்கு முன்தினம் காய்ச்சலில் இறந்தாள்.

தலைவர் ஐயாசாமி தொண்டையைச் செருமினார்.

"தம்பி, மதாம் கடைசியா என்ன சொன்னாங்க?"

"பெரிசா ஒண்ணுமில்லை."

"தமிழ்லயா?"

"பாதி."

"பாதி போதும்! சுதந்திரம் வர்றதுக்குள்ள பள்ளிக்கூடத்துல தமிழ் வகுப்பு கேட்டு மனு குடுக்கிறோம். அதுல போடலாம்."

"மார்லென்னு போட்டா வெள்ளைக்காரத் துரை நம்பமாட்டான்," என்றார் பொருளாளர் ராமசந்திரன். "மலர்க்கொடி. சரிதானே, கொரெக்?"

"கொரெக்," என்றது சபை.

'தமிழைக் காப்பாற்றுங்கள்' என்று கூறி மலர்க்கொடி அம்மையார் உயிர் நீத்ததாகத் தீர்மானம் எழுதப்பட்டது.

"நீங்க பக்கத்துல இருந்தீங்கல்ல, தம்பி? சாட்சிக்குக் கை தூக்குங்க."

தூக்கினேன். ஒருமனதாக நிறைவேறியது. பலர் கண்ணைத் துடைத்தார்கள்.

மார்லென் தன் கடைசி நாளன்று இஞ்சி தட்டிப் போட்டுக் கொஞ்சம் தித்தே கேட்டிருந்தாள். ஆராய்ச்சி முக்கியம் என்பதால் முதலில் கட்டுரையை வாசித்துக் காட்டினேன், அடிக்குறிப்புகள் உட்பட. முடித்ததும் கண்ணைத் திறந்தாள்.

"நல்லா இருக்கு. தித்தே?"