கண்ணீர் அஞ்சலி, பார்சல் உண்டு

சிறுவணிகர் நலன் கருதி எங்கள் பேரூராட்சி மண்டபத்தில் ‘குறைந்த செலவில் நிறைந்த விளம்பரம்’ என்னும் கருத்தரங்கு சீரும் சிறப்புமாக நடந்தேறியது. புறவழிச்சாலை வந்து, கும்பகோணம் பஸ்கள் ஊருக்குள் வருவதை நிறுத்திவிட்டதால், கடைத்தெருவில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த அத்தனை பேரும் வந்திருந்தார்கள். செயல் அலுவலர் நாகநாதன் ஒரு மணி நேரம் பேசினார். பிறகு டீ கொடுத்தார்கள். அது வெளியூர்க் கடையில் வாங்கியது.

புரோட்டா கடை சிங்காரவேலு எழுந்தார். கடையை மூடினால் அவருக்கும் பிழைப்பில்லை, கடை திறந்த நாளிலிருந்து புரோட்டாக் கல் முன்னால் நிற்கும் மாஸ்டர் பக்கிரிக்கும் பிழைப்பில்லை.

“சார், பைபாஸ்ல ஒரு போர்டு வச்சுக்கலாங்களா?”

“விளம்பரப் பலகையா? கலெக்டர் ஆபீஸ் அனுமதி, போலீஸ்ல தடையின்மைச் சான்று, வைப்புத்தொகை. ஒரு வருஷம் ஆகும்.”

“அங்க ஏகப்பட்ட போர்டு நிக்குதே சார்?”

“அதெல்லாம் கண்ணீர் அஞ்சலிங்க. துக்கத்துக்குப் போய் அனுமதி கேக்க முடியுமா? நாமளும் மனுஷங்கதானே.”

சிங்காரவேலுவுக்கு வழி பிறந்தது. அந்த வாரமே மிராசுதார் சிவசாமி காலமானார். பைபாஸில் பெரிய ஃபிளெக்ஸ் எழுந்தது: ‘மிராசுதார் மறைவால் மீளாத் துயரில் ஆழ்ந்திருக்கும் சிங்காரவேலு புரோட்டா கடை, பழைய பஸ் ஸ்டாண்டு அருகில். பார்சல் உண்டு.’

மிராசுதார் சர்க்கரை நோயாளி. புரோட்டா இருக்கும் திசைப் பக்கமே போகாதவர். அதனால் என்ன, கூட்டம் வந்தது. குத்தகை வழக்கில் அவரைக் கோர்ட்டுக்கு இழுத்தவர்கள்கூட அந்த போர்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள், பிறகு ஆளுக்கு ரெண்டு புரோட்டா சாப்பிட்டார்கள்.

விடுமா ஊர்? உரக்கடை கண்ணீர் வடித்தது. சலூன் கதறியது. செல்போன் கடை அப்துல் அஜீஸ் கொஞ்சம் பிந்திவிட்டார். ஊரில் போதுமான சாவு இல்லை. இருமலோடு போய்க்கொண்டிருந்த ரெங்கசாமியை மடக்கி, “ஒடம்பு எப்படிங்க இருக்கு? நல்ல வெளிச்சத்துல எடுத்த போட்டோ இருக்குங்களா?” என்று அக்கறையாக விசாரித்தார்.

நிர்வாகம் கைகட்டி நிற்குமா? ஒரு பிணத்துக்கு அதிகபட்சம் மூன்று கடைகள் என்று நாகநாதன் சுற்றறிக்கை விட்டார். துக்கப்படுவது யார் என்று அரசுக்குத் தெரிய வேண்டுமாகையால், கடைப்பெயர் இல்லாத அஞ்சலிப் பலகைகள் அப்புறப்படுத்தப்படும் என்றும் அதில் கண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் பக்கிரி செத்துப்போனார். மாவு பிசைந்துகொண்டே உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. சிங்காரவேலு குழந்தை மாதிரி அழுதார். கடைக்கு எதிரே ஒரு போர்டு வைத்தார். பக்கிரி சிரிக்கும் படம், கீழே ‘அண்ணே, போயிட்டீங்களே’. அவ்வளவுதான்.

சாயங்காலமே ஆள் வந்து பிடுங்கிவிட்டார்கள். சிங்காரவேலு அலுவலகத்துக்கு ஓடினார்.

“சார், இது நெசமான துக்கம் சார்!”

“அதுதாங்க சந்தேகம். கடைப்பேரு இல்ல, அட்ரஸ் இல்ல. என்ன உள்நோக்கத்துல அழுவுறீங்கன்னு நாங்க எப்படித் தெரிஞ்சுக்கிறது? என்ன கிடைக்கும்னும் போட்டுடுங்க, பிரச்சினை வராது.”

அண்ணன் முகம் குப்பைவண்டியில் கிடப்பதைச் சிங்காரவேலுவால் பார்க்க முடியவில்லை. கடைப்பெயர் போட்டார். முகவரி போட்டார். ‘சூடான புரோட்டா’ என்றும் போட்டார். போர்டு சட்டப்படி மறுபடி நின்றது.

மறுநாள் கடை திறந்ததும் வரிசை தெருமுனை வரை நீண்டது. முதல் ஆளாக நாகநாதனே நின்றார்.

“புரோட்டா இல்லீங்க சார்.”

“போர்டுல சூடான புரோட்டான்னு போட்டுட்டு இல்லைன்னா எப்படி? பொதுமக்களை ஏமாத்துற விளம்பரம்னு நோட்டீஸ் குடுக்க வேண்டியிருக்கும்.”

சிங்காரவேலு எதிரே கையைக் காட்டினார். “புரோட்டா போடுறவரு அவருதான் சார்.”

வரிசை மொத்தமும் திரும்பிப் பக்கிரியைப் பார்த்தது. நாகநாதன் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“ஈடு செய்ய முடியாத இழப்புங்க” என்றார். “சரி, தோசை இருக்கா?”

“எங்களுக்கும்!” என்றது வரிசை.