மைனர் அண்ணையின் பெருவிரல்

வன்னி முழுவதிலும் வயதே போகாத ஒரே மனிதர் எங்கள் லொறிச் சாரதி மைனர் அண்ணைதான். கிளிநொச்சியில் நான் கணக்கெழுதும் நெற்களஞ்சியத்துக்கு அவர் வந்து சேர்ந்தபோது வயது நாற்பத்திரண்டு. பல பெரும்போக அறுவடைகள் கழிந்த பின்னும் நாற்பத்திரண்டேதான். ஞாயிற்றுக்கிழமை மீசைக்கு மை பூசுவார். திங்கட்கிழமை தேத்தண்ணிக் கோப்பையின் விளிம்பிலும் ஒரு மீசை இருக்கும்.

திகதி பிழைத்தால் எனக்குச் சோறு இறங்காது. ஒருநாள் கேட்டே விட்டேன்.

"அண்ணை, எந்த வருசம் பிறந்தனீங்கள்?"

"இடம்பெயர்வில பிறப்புப் பத்திரம் துலைஞ்சு போச்சடா தம்பி."

அந்த இடப்பெயர்வில் எங்களுக்கு வீடு போனது, மாடு போனது. அவருக்கு மட்டும் வயது போனது.

அடையாள அட்டை இருந்தது. ஆனால் அதன் இலக்கத்தின் தொடக்கம் பிறந்த ஆண்டைக் காட்டிக் கொடுத்துவிடும். ஆகவே யார் கேட்டாலும் அந்த இடத்தைப் பெருவிரலால் மூடிக்கொண்டுதான் நீட்டுவார்.

எங்களிடம் சாக்குத் தைக்கும் தவமக்காவின் மகளுக்குக் குருதிப் புற்றுநோய். பொருத்தமான ஒருவரின் எலும்பு மச்சைக் குருத்தணு கிடைத்தால்தான் பிள்ளை தப்பும் என்றார்கள். முதலாளி ஒருநாள் மூட்டை ஏற்றி இறக்குவதை நிறுத்திவிட்டு, கொடையாளர்களைப் பதியும் குழுவை அழைத்தார். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் துடைத்து எடுப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் "முள்ளந்தண்டில ஊசி ஏத்துவாங்களாம்" என்று யாரோ ஒரு கதையைக் கிளப்பிவிட்டான். நெல் மூட்டையை முதுகில் சுமந்து ஓடுகிறவர்களும் நானும் தராசுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றோம்.

மைனர் அண்ணை மட்டும் சட்டையை நீவிக்கொண்டு தாதியிடம் போனார்.

"வயது?"

"நாப்பத்திரண்டு."

"அட்டையைக் காட்டுங்கோ."

பெருவிரலோடு நீட்டினார்.

"விரலை எடுங்கோ அண்ணை."

"கையில ஒட்டிப் போச்சு, பிள்ளை."

தாதி மெல்ல விரலை விலக்கிப் பார்த்தார். "ஐயோ, ஐம்பத்தெட்டு! இந்த வயதில உங்களைப் பதிய ஏலாது ஐயா."

'அண்ணை' ஒரு நொடியில் 'ஐயா' ஆனதும் களஞ்சியமே குலுங்கியது. "மைனர் அப்பு, பேரப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாமே!" என்று ஒருவன் கத்தினான். நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

அவருக்கு வேர்த்தது. மீசையின் மை கரைந்து நாடியில் வழிந்தது. அதைத் துடைக்காமலே எங்கள் பக்கம் திரும்பினார்.

"ஓம், நான் கிழவன்தான். அவை என்னை எடுக்கமாட்டினம். இளந்தாரியள் நீங்கள் ஏன்ரா ஒளிச்சு நிக்கிறியள்?"

அப்போதுதான் பார்த்தேன். சாக்கு அடுக்கின் அருகே தவமக்கா நின்றிருந்தார். சாக்கூசி கையில் அப்படியே இருந்தது. நாங்கள் சிரித்ததையெல்லாம் அவர் கேட்டிருக்கிறார். இன்றும் அந்த இடத்தைக் கடக்கும்போது எனக்குத் தலை தானாகக் குனிகிறது.

தராசுக்குப் பின்னாலிருந்து ஒவ்வொருவராக வெளியே வந்தோம். வரிசை உண்டானது. பஞ்சுக் குச்சிக்கு நான் வாயைத் திறந்தபோது தாதியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

எங்களில் எவருடையதும் பிள்ளைக்குப் பொருந்தவில்லை. பின்னர் பொருந்தியது முன்பின் தெரியாத ஒருவருடையது. அவரும் எங்கோ ஒரு வரிசையில் வாய் திறந்து நின்றவர்தான். பிள்ளை இப்போது மீண்டும் பள்ளிக்கூடம் போகிறாள்.

பதிவு நடந்ததற்கு அடுத்த திங்கட்கிழமை மைனர் அண்ணை புது மையோடு வந்தார். புதிதாகச் சேர்ந்த காவலாளி வயதைக் கேட்டான். அவர் என்னைப் பார்த்தார்.

பிறர் சொல்லும் ஆண்டுகளைத் திருத்தாமல் விடாத நான்தான் பதில் சொன்னேன்:

"அண்ணைக்கு நாப்பத்திரண்டு."